நகர்வுக்கு அனுமதி: இயக்கக் கட்டுப்பாட்டில் பயனர் மாறிகளும் பிட்களும்

ஓர் இயந்திரத்தின் அச்சு எங்கிருந்து எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எங்கே வேகம் தணிந்து நிற்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு மோட்டார்களுக்கு ஆணையிடுவது இயக்கக் கட்டுப்பாட்டு மென்பொருள். அதன் நினைவகத்தில் இரு வகை இடங்கள் உண்டு. சில இடங்களுக்குத் தயாரிப்பாளரே பொருள் குறித்து வைத்திருப்பார்: அச்சு இப்போது நிற்கும் புள்ளி, டூல் ஆஃப்செட், ஸ்பிண்டில் வேகம் போன்றவை அவை. மற்ற இடங்கள் எதற்கென்று சொல்லப்படாமல் பயனருக்கென விடப்பட்டவை. அவற்றில் எண்ணைத் தாங்குவது பயனர் மாறி. ஆம் அல்லது இல்லை என்ற ஒரே விடையைத் தாங்குவது பயனர் பிட்.

கட்டுப்படுத்தியைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு அது கருங்கல்லைச் செதுக்கப் போகிறதா, பிரேக் டிரம்மில் துளையிடப் போகிறதா, அணு உலைக்குள் எரிபொருளைத் தூக்கப் போகிறதா என்பது தெரியாது. அது தெரிந்தவர் இயந்திரத்தை நிறுவி அமைப்பவர்தான். அவருக்காகவே இந்த இடங்கள் காலியாக விடப்படுகின்றன. #500 என்ற இடத்தில் 1240 என்று இருந்தால், அது சிலையின் உயரமா, ஸ்பிண்டிலின் சுற்றா, முடிந்த ஜாப்களின் எண்ணிக்கையா என்று கட்டுப்படுத்தி கேட்காது. பயனர் மாறிகளில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. எண் சரியாகவே இருக்கும். அதற்கு இருவர் இரு பொருள் கொண்டிருப்பார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இத்தகைய இயக்கத்தின் பல வடிவங்கள் அருகருகே அமைந்திருக்கின்றன. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி மறைமலை நகரும் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியும் வாகனத் தொழிலைச் சார்ந்த ஆலைகளைக் கொண்டிருக்கின்றன. கிழக்கே கடற்கரையில் மாமல்லபுரம் கல் தச்சர்களின் ஊர். அதற்குத் தெற்கே கல்பாக்கத்தில், மனிதக் கண் எட்டாத உலைக்குள் எரிபொருள் நகர்கிறது. ஆலையில் ஒரு தவறான எண்ணால் ஒரு ஜாப் வீணாகும். சிற்பக்கூடத்தில் பல நாள் உழைத்த கல் பிளக்கும். உலையில் ஆண்டுகள் போகும்.

எண்முறை கட்டுப்படுத்திக்குக் கட்டுப்படுத்தி வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். பட்டறைகளில் பரவலாக உள்ள ஃபானக் கட்டுப்படுத்தியில் #1 முதல் #33 வரை உள்ளூர் மாறிகள். மேக்ரோ எனப்படும் துணை நிரல் ஒன்று அழைக்கப்படும்போது பிறந்து, அது முடிந்ததும் மறைபவை. #100 முதல் #199 வரை பொது மாறிகள். எல்லா நிரல்களும் அவற்றைப் படிக்கலாம், எழுதலாம். மின்சாரம் நின்றால் அவை வெறுமையாகிவிடும். #500 முதல் #999 வரை உள்ளவையும் பொதுவானவையே. ஆனால் மின்சாரம் நின்றாலும் மதிப்பு நிலைத்திருக்கும். #1000 முதல் மேலுள்ளவை கட்டுப்படுத்தியின் சொந்த மாறிகள். பொது மாறிகளில் எத்தனை கிடைக்கும் என்பது இயந்திரத்தோடு வாங்கிய ஆப்ஷனைப் பொறுத்தது. சீமென்ஸ் கட்டுப்படுத்தியில் ஆர் பாராமீட்டர்களும், பெயர் சொல்லி வரையறுக்கும் ஜியூடி என்ற பொது மாறிகளும் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான மென்பொருளிலிருந்து வளர்ந்து, இன்று யாரும் இலவசமாக நிறுவக்கூடிய லினக்ஸ்சிஎன்சியில் மாறிக்குப் பெயரே வைத்துவிடலாம். பெயரின் முதலில் அடிக்கோடு இருந்தால் அது பொது மாறி. இல்லாவிட்டால் உள்ளூர் மாறி.

மாறியைக் கொண்டு அளக்கும் முறை மாமல்லபுரத்துக்குப் புதிதன்று. 1957இல் இவ்வூரில் தொடங்கப்பட்டு, இன்று அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக இயங்கும் நிறுவனம் வளர்த்துவரும் சிற்ப மரபில், படிமத்தின் உறுப்புகள் எந்த நிலையான அலகிலும் சொல்லப்படுவதில்லை. தாளம் என்ற அளவு வகைகளில் உத்தம தசதாளப் படிமம் என்றால் அதன் உயரம் 124 பங்கு. அந்தப் பங்கு ஒவ்வொன்றும் அந்தப் படிமத்துக்கு மட்டுமே உரிய அங்குலம். மத்திம தசதாளத்துக்கு 120 பங்கு, அதம தசதாளத்துக்கு 116, நவதாளத்துக்கு 108. அங்குலத்தில் எட்டில் ஒன்று யவை. முகம், கழுத்து, மார்பு, முழந்தாள் என எல்லா உறுப்பும் இந்த அங்குலத்தாலும் யவையாலுமே கணக்கிடப்படும். கல்லின் உயரம் மாறினால் அங்குலம் மாறும். அங்குலம் மாறினால் படிமம் முழுவதும் தன் விகிதம் குலையாமல் மாறும். கணினிவழி எண் கட்டுப்பாட்டு (சிஎன்சி) உலகம் பாராமெட்ரிக் நிரல் என்று அழைப்பதன் முழுமையான வடிவம் இது.

ஒரு சிற்பக்கூடத்தில் வைர முனை கட்டர் பூட்டிய மூன்று அச்சு ரூட்டர் ஒன்று நிறுவப்படுவதாகக் கொள்ளலாம். மொத்தக் கல்லைக் கழித்து உருவத்தின் கரட்டு வடிவை எடுப்பது அதன் வேலை. நுண்மையும் முகபாவமும் சிற்பியின் உளிக்கே உரியவை, அவை அங்கேயே இருப்பதுதான் நல்லது. #500இல் படிமத்தின் உயரம் 1240 மில்லிமீட்டர் என்றும், #501இல் தாளப் பங்கு 124 என்றும் இடப்படுகின்றன. #502 = #500 / #501 என்ற வரி அங்குலத்தை 10 மில்லிமீட்டராகத் தருகிறது. #503 = #502 / 8 என்ற வரியில் யவை 1.25 மில்லிமீட்டர். இதன் பிறகு நிரலில் எந்த நீளமும் மில்லிமீட்டரில் எழுதப்படுவதில்லை. எல்லாம் #502இன் மடங்கு, #503இன் மடங்கு. அதே படிமம் பாதி உயரத்தில் வேண்டுமானால் #500ஐ 620 ஆக்கினால் போதும். நவதாளம் வேண்டுமானால் #501 மட்டும் மாறுவது போதாது. உறுப்புகளுக்கான பங்குகளும் வேறு. அதனால் தாளத்துக்கு ஒரு துணை நிரல் தனியாக இருக்க வேண்டும். #501ஐப் பார்த்து முதன்மை நிரல் உரியதை அழைக்க வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லா மாறியும் படிமத்தோடு சேர்ந்து சுருங்குவதில்லை. கட்டரின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் படிமம் எவ்வளவு சிறிதானாலும் அது 6 மில்லிமீட்டர்தான். பெரிய படிமத்தில் ஓர் அங்குல அகலமுள்ள மடிப்புக்குள் எளிதாக நுழையும் கட்டர், 620 மில்லிமீட்டர் படிமத்தின் 5 மில்லிமீட்டர் மடிப்புக்குள் நுழையாது. நுழைந்தால் இரு கரையையும் தின்றுவிடும். ஒவ்வொரு வெட்டின் ஆழமும் அப்படியே. அது கல்லின் கடினத்தையும் கட்டரையும் பொறுத்தது, தாளத்தைப் பொறுத்ததன்று. ஆகவே படிமத்துக்குரிய மாறிகளும் கருவிக்குரிய மாறிகளும் தனித்தனி எண் வரிசையில் இருப்பது நல்லது: முன்னவை #500 தொடங்கி, பின்னவை #520 தொடங்கி. அந்த மடிப்பு வெட்டும் துணை நிரலின் முதல் வரியில் #502 கட்டர் விட்டத்தைவிடச் சிறியதா என்று ஒரு சோதனை. சிறியதானால் #3000 என்ற அலாரம் மாறியில் ஓர் எண்ணை இட்டால் இயந்திரம் அங்கேயே நிற்கும். அதனோடு எழுதிய செய்தி திரையில் தெரியும்.

கழித்தலை வரிசை வரிசையாகச் செய்ய எண்ணும் மாறிகள் தேவை. மாமல்லபுரத்தின் முற்றுப்பெறாத குடைவரைகளில், பாறை முகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கிடையே பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய திட்டுகளைத் தட்டி எடுத்த தடம் இன்றும் தெரிகிறது. ரூட்டர் செய்வதும் ஏறத்தாழ அதுவே: நெடுக்கு வரிசைக்கு ஓர் எண்ணி, குறுக்கு வரிசைக்கு ஓர் எண்ணி, ஆழத்துக்கு ஓர் எண்ணி. இந்த எண்ணிகளைப் பொது மாறிகளில் வைப்பது பட்டறைகளில் அடிக்கடி நேரும் தவறு. ஒரு நிரல் #100ஐ வரிசை எண்ணியாகக் கொண்டு ஓடும்போது, அது அழைத்த வேறொரு துணை நிரல் அதே #100இல் வேறேதோ எழுதிவிட்டுத் திரும்பும். வரிசை பாதியில் தாவும், அல்லது முடிவே இல்லாமல் சுழலும். எண்ணிகள் மேக்ரோவின் உள்ளூர் மாறிகளாக இருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஃபானக்கின் #0 தனிக் கவனத்துக்குரியது. அது எப்போதும் வெறுமையானது. அதில் எதையும் எழுத முடியாது. வெறுமையும் பூஜ்யமும் ஒன்றல்ல என்பதை அந்தக் கட்டுப்படுத்தி கடைசிவரை காப்பாற்றுகிறது. #500க்கு யாரும் மதிப்புத் தராத நிலையில் அது #0க்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்று விடை வரும். 0க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். நகர்வு வரியில் எக்ஸ் அச்சுக்கு வெறுமையான மாறியைத் தந்தால், அந்த அச்சே குறிப்பிடப்படாததுபோல அது நகராது. ஆனால் வெறுமை ஒரு கணக்குக்குள் நுழைந்ததும் பூஜ்யமாகிவிடுகிறது. மேலே சொன்ன ரூட்டரில் #500ஐ இட மறந்துவிட்டால், #500ஐ 124ஆல் வகுத்த விடை 0. அங்குலம் 0, யவை 0. அதன் மடங்கான எல்லா நீளமும் 0. கட்டர் ஒரே புள்ளியில் நின்று ஆழம் ஆழமாக இறங்கும், ஏனென்றால் ஆழம் கருவி மாறியிலிருந்து வருகிறது. அது சரியாகவே இருக்கிறது. நிரலின் தலைப்பிலேயே, எந்தக் கணக்கும் நடப்பதற்கு முன், ஒவ்வொரு உள்ளீட்டு மாறியும் #0க்குச் சமமா என்று பார்த்து நிறுத்தும் ஒரு வரி இதற்குத் தீர்வு. கணக்குக்குப் பிறகு பார்ப்பது வீண். வெறுமையின் தடயம் அதற்குள் அழிந்திருக்கும்.

பின்னமுள்ள எண்களைச் சரிசமமா என்று ஒப்பிடுவதும் நம்பத்தக்கதன்று. பத்தில் ஒன்றை இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது, 0.1 என்று பத்து முறை கூட்டினால் 1க்கு மிக அருகே ஒரு மதிப்பு வரலாம், 1 வராமல் போகலாம். ஆழம் இலக்குக்குச் சமமானதும் நில் என்று எழுதிய வளையம் இலக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இலக்கை எட்டியதும் அல்லது மீறியதும் நில் என்று எழுதுவதே முறை.

மாறியின் ஆயுளை முடிவு செய்வது அமைப்பவரின் அடுத்த வேலை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய இரவுகளில் மின்சாரம் நிற்பது இக்கரைக்குப் புதிதன்று. கட்டர் கல்லுக்குள் இருக்கும்போது மின்சாரம் நின்று, காலையில் திரும்பி வந்தால் எது நினைவிருக்க வேண்டும்? படிமத்தின் உயரம், தாளம், கட்டரின் விட்டம், கடைசியாக முழுதும் முடிந்த வரிசையின் எண் ஆகியவை நிலைக்க வேண்டும். அவை #500 வரிசையில். தண்ணீர் ஓடுகிறது, கல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, கதவு மூடியிருக்கிறது என்று நேற்றிரவு தெரிந்திருந்தவை நிலைக்கக் கூடாது. அவை இன்றைக்கு மீண்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அவற்றின் இடம் #100 வரிசை. நிலைக்கும் மாறிகளும் நிரந்தரமல்ல. ஃபானக்கில் அவை பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கின்றன; பேட்டரி தீர்ந்த இயந்திரம் நெடுநேரம் மின்சாரமில்லாமல் கிடந்தால் எல்லாம் போகும். மாறிகளின் முழுப் பட்டியலையும் மெமரி கார்டில் நகலெடுத்து வைப்பதும், பேட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்றுவதும் இதனால்தான்.

பெயர் வைப்பதைப் பலர் அலங்காரமாக எண்ணுகிறார்கள், அது தவறு. ஃபானக்கில் செட்விஎன் என்ற கட்டளையால் #500 தொடங்கும் பொது மாறிகளுக்கு எட்டு எழுத்து வரை பெயர் தரலாம். மாறிகளின் திரையில் எண்ணுக்கு அருகே அந்தப் பெயர் தெரியும். இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கும் ஆபரேட்டர், எதை மாற்றுகிறோம் என்று அறிந்து மாற்ற அந்த எட்டு எழுத்து போதும். பெயரோடு அலகும் சேர வேண்டும்: மில்லிமீட்டரா, சுற்றா, விநாடியா. இதோடு அமைப்பு நோட்டில் மாறி ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியது, அதை எழுத உரிமையுள்ள நிரல் எது என்பது. படிப்பவர் பலர் இருக்கலாம். எழுதுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இரண்டு நிரல்களும் ஒரு திரைப் பொத்தானும் ஒரே மாறியில் எழுதினால், பிழை வரும் நாளில் யார் எழுதிய மதிப்பு அது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பிட் ஒன்றில் அடங்கும் செய்தி மிகச் சிறியது. ஆனால் அதன் பின்னால் கம்பியும் சுவிட்சும் ரிலேயும் இருக்கின்றன. அவற்றைக் கையாள்வது பிஎல்சி என்ற தர்க்கக் கட்டுப்படுத்தி. ஃபானக்கில் #1000 முதல் #1015 வரை உள்ள மாறிகள் பிஎல்சியிலிருந்து நிரலுக்கு வரும் 16 பிட்கள். #1100 முதல் #1115 வரை நிரலிலிருந்து பிஎல்சிக்குப் போகும் 16 பிட்கள். உள்ளே வரும் 16ஐயும் ஒரே எண்ணாகப் படிக்க #1032 உண்டு. வெளியே போகும் 16ஐயும் ஒரே எண்ணாக எழுத #1132 உண்டு. எந்த சுவிட்ச் எந்தப் பிட்டில் விழ வேண்டும் என்பதை பிஎல்சியின் ஏணி நிரல் முடிவு செய்கிறது. ஆக, பயனர் பிட் என்பது இருவர் சேர்ந்து செய்யும் ஒப்பந்தம்: ஏணி நிரல் எழுதுபவர் ஒரு பக்கம், மேக்ரோ எழுதுபவர் மறுபக்கம்.

அந்த ஒப்பந்தத்தில் முதலில் தீர வேண்டியது, 1 எதைக் குறிக்கிறது, 0 எதைக் குறிக்கிறது என்பது. வைர கட்டருக்குத் தண்ணீர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் வைரப் பற்று கருகும், கல்லும் சூட்டில் விரிசல் காணும். தண்ணீர் ஓடும்போது மூடும் ஒரு ஃப்ளோ சுவிட்ச் #1005இல் விழுவதாகக் கொள்ளலாம். கடற்கரையில் உப்புக் காற்று சுவிட்சின் முனைகளை அரிக்கும், கம்பி தளரும், கல் தூள் கலந்த சேறு இணைப்புப் பெட்டிக்குள் புகும். இவை எல்லாவற்றின் விளைவும் ஒன்றே: சுற்று அறுபடும், பிட் 0 ஆகும். தண்ணீர் ஓடுகிறது என்பது 1 ஆக இருந்தால், அறுந்த கம்பி தண்ணீர் இல்லை என்று பொருள்படும், இயந்திரம் நிற்கும், நஷ்டம் கொஞ்ச நேரம்தான். தண்ணீர் இல்லை என்பதை 1 ஆக வைத்திருந்தால், அறுந்த கம்பி எல்லாம் நலம் என்று சொல்லும். ஆகவே அனுமதி தரும் நிலையே 1. சந்தேகம், வெறுமை, அறுந்த கம்பி, மின்சாரம் இல்லாத நிலை எல்லாம் 0. லிமிட் சுவிட்ச் வழக்கமாக மூடியே இருக்கும் வகையில் இணைக்கப்படுவதும் இதனால்தான்.

அடுத்து வருவது காலம். இது பலரைத் திகைக்க வைக்கும் பகுதி. கட்டுப்படுத்தி ஒரு வரியை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த வரிகளைப் படித்துக் கணக்கிட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் அச்சு ஒவ்வொரு வரி முடிவிலும் தயங்கித் தயங்கி நகரும். கல்லை நோக்கி நகர், பிறகு தண்ணீர் ஓடுகிறதா பார் என்று நிரலில் எழுதியிருந்தாலும், நகர்வு முடியும் முன்பே இரண்டாம் வரி படிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பார்க்கப்பட்டது பழைய தண்ணீர் நிலை. ஃபானக்கில் இந்த முன்வாசிப்பை நிறுத்த, அதற்கென பாராமீட்டரில் குறிக்கப்பட்ட எம் குறியீடு ஒன்றை இரண்டுக்கும் நடுவே இடுவார்கள். சீமென்ஸில் ஸ்டாப்ரீ என்ற கட்டளை. லினக்ஸ்சிஎன்சியில் பிட்டை நகர்வோடு பிணைத்து மாற்ற எம்62, எம்63. உடனே மாற்ற எம்64, எம்65. ஓர் உள்ளீட்டுக்காகக் காத்திருக்க எம்66: பிட் உயரும் கணம், தாழும் கணம், உயர்ந்திருக்கும் நிலை, தாழ்ந்திருக்கும் நிலை என்று எதற்காகக் காத்திருப்பது என்பதையும், எத்தனை விநாடி என்பதையும் சொல்லலாம். காலம் கடந்துவிட்டால் #5399இல் -1 விழும். அந்த -1ஐச் சோதிக்கும் வரியை எழுதாமல் விட்டால், நிரல் எதுவும் நடவாததுபோல அடுத்த நகர்வுக்குப் போய்விடும்.

பிஎல்சியும் தன் நிரலைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறது. ஒரு சுற்றைவிடக் குறைந்த நேரமே 1 ஆக இருந்த பிட்டை அது காணாமலே போகலாம். கல்லை இறுக்கு என்று மேக்ரோ #1100ஐ ஒரு கணம் 1 ஆக்கிவிட்டு உடனே 0 ஆக்கினால், இறுக்கம் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. இரு பிட்கள் கொண்டு இதைத் தீர்ப்பார்கள். மேக்ரோ கோரிக்கைப் பிட்டை 1 ஆக்கி வைத்திருக்கும். பிஎல்சி இறுக்கி முடித்து, அழுத்த சுவிட்சும் உறுதி சொன்ன பிறகு ஒப்புதல் பிட்டை 1 ஆக்கும். அதைக் கண்ட மேக்ரோ கோரிக்கையை 0 ஆக்கும். அதைக் கண்ட பிஎல்சி ஒப்புதலை 0 ஆக்கும். நான்கு படிகளில் எது தவறினாலும் எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும்.

பிட்டின் வேலையை எண்ணிடம் தருவது எவ்வளவு கொடியது என்பதற்குக் கனடாவில் தயாரான தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் சான்று. 1985 முதல் 1987 வரை அந்த இயந்திரங்களில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்; சிலர் இறந்தார்கள். அவற்றில் ஒன்று 1987 ஜனவரியில் அமெரிக்காவின் யாக்கிமா நகரில் நேர்ந்தது. கதிரின் பாதையில் இருக்க வேண்டிய பாகம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சொல்ல ஒரு மாறி இருந்தது. பூஜ்யமானால் வேண்டாம், வேறெந்த மதிப்பானாலும் வேண்டும். அதை 1 ஆக்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. அந்த மாறிக்கு எட்டு பிட் இடம்தான். 255ஐத் தாண்டியதும் அது 0க்குத் திரும்பியது. அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் சோதனை நடவாது. கூட்டுவதை நிறுத்தி, பூஜ்யமல்லாத ஒரு நிலையான மதிப்பை இடுவதே பிறகு செய்யப்பட்ட திருத்தம்.

கல்பாக்கத்தில் இந்தச் சிந்தனை வேறொரு எடை பெறுகிறது. சென்னை அணு மின் நிலையத்தின் இரு அலகுகளும் 1984இலும் 1986இலும் வணிக மின் உற்பத்தியைத் தொடங்கியவை. அவை கன நீர் உலைகள். ஒவ்வொன்றிலும் 306 கிடைக் குழல்கள், குழலுக்கு 12 எரிபொருள் கட்டுகள். உலையை நிறுத்தாமலே எரிபொருள் மாற்றுவது இவ்வகை உலையின் சிறப்பு. குழலின் இரு முனைகளிலும் இரண்டு இயந்திரங்கள் வந்து பொருந்தும். ஒன்று புதிய கட்டைத் தள்ள, மற்றது பழையதை வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே குழலின் முன் நிற்க வேண்டும். இரண்டும் இறுகப் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகே குழலின் அடைப்பைத் திறக்கலாம். இங்கே அனுமதி என்பது ஒரு பிட்டல்ல, பல பிட்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் 1 ஆக இருப்பது.

கல்பாக்கத்திலேயே உள்ள, எஃப்பிடிஆர் எனப்படும் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலில் தொடர்வினை நிலையை எட்டியது. அதைக் குளிர்விப்பது உருகிய சோடியம். தண்ணீரைப்போல அதற்குள் பார்க்க முடியாது. உலையின் மேல்மூடியில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரு சுழல் மூடிகள் உண்டு. இரண்டின் கோணங்களையும் சேர்த்துத் திருப்பினால், எரிபொருளைப் பிடிக்கும் கருவியை வேண்டிய இடத்துக்கு மேலே கொண்டுவரலாம். கீழே என்ன நிலை என்பதை ஆபரேட்டருக்குச் சொல்ல அளவிகளும் இண்டர்லாக்குகளும் மட்டுமே உண்டு. 1987 மே மாதம், உலைக்குள்ளேயே ஓர் எரிபொருள் கட்டை இடம் மாற்றும் வேலையின்போது, அதன் அடிப்பகுதி வழிகாட்டிக் குழாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கையிலேயே மூடி சுழற்றப்பட்டது. அப்படிச் சுழலாமல் தடுக்க வேண்டிய இண்டர்லாக் பைபாஸ் செய்யப்பட்டிருந்தது. வழிகாட்டிக் குழாயும் சில கட்டுகளும் வளைந்தன. வளைந்ததை வெட்டி எடுத்து, சரிபார்த்து, உலையை மீண்டும் தொடங்க 1989 ஆயிற்று. மூடி எந்தப் பிழையும் இல்லாமல் கேட்ட கோணத்துக்குத்தான் திரும்பியது. இல்லாமல் போனது, திரும்பலாமா என்ற கேள்விக்கான உண்மையான விடை மட்டுமே. அதே வளாகத்தில் பின்னர் கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில், மூடியைச் சுழற்றுவதற்கு முன் ஏதேனும் கட்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோடியத்துக்குள்ளேயே மீயொலியால் துழாவிப் பார்க்கும் கருவி இடம்பெற்றது. அனுமதிப் பிட்டுக்குப் பின்னால் ஓர் அளவீடு வந்து நிற்கிறது.

பைபாஸ் பிட் இல்லாத இயந்திரம் அரிது. பழுது பார்க்கவும், கதவைத் திறந்து ஓர் அச்சை மெல்ல நகர்த்திப் பார்க்கவும் அது வேண்டியிருக்கிறது. அதை மறுப்பதைவிட ஒழுங்காக வடிவமைப்பதே நேர்மையான வழி. ஃபானக்கின் பிஎல்சியில் ஆர் முகவரியிலுள்ள பிட்கள் மின்சாரம் நின்றால் அழியும். கே முகவரியிலுள்ள கீப் ரிலே பிட்கள் அழியாது. வசதிக்காக பைபாஸைக் கீப் ரிலேயில் வைப்பது பல இடங்களில் நடக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை பழுது பார்த்தவர் 1 ஆக்கிய பிட், அவர் போன பிறகும், இயந்திரம் பல முறை அணைந்து எரிந்த பிறகும் 1 ஆகவே கிடக்கும். கதவு சுவிட்ச் வேலை செய்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பைபாஸ் அழியும் நினைவகத்தில்தான் இருக்க வேண்டும். ஆபரேட்டரிடம் இல்லாத சாவியால் மட்டும் அது 1 ஆக வேண்டும்; ஒரு டைமர் அதைத் தானே 0 ஆக்க வேண்டும்; அது 1 ஆக இருக்கும்வரை ஃபீட் குறைந்த வரம்பைத் தாண்டக் கூடாது; திரையில் அச்செய்தி மறையாமல் நிற்க வேண்டும். ஒரே பொத்தானால் எல்லா இண்டர்லாக்கையும் ஒருசேர அடக்கும் பொதுப் பைபாஸுக்கு இடமே தரக் கூடாது.

உயிர்க்காப்பை இந்தப் பயனர் பிட்களிடம் ஒப்படைக்கவே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப்பும் ஆபத்தான கதவின் பூட்டும் சாதாரண பிஎல்சி வழியாக அல்லாமல், அதற்கெனச் சான்று பெற்ற சேஃப்டி ரிலே அல்லது சேஃப்டி பிஎல்சி வழியாகவே மோட்டாரின் சக்தியைத் துண்டிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 13849 என்ற சர்வதேசத் தரம் அதற்குரிய நம்பகத்தன்மையை வகுத்துத் தருகிறது. பயனர் பிட் அந்த நிலையைத் தெரிந்துகொள்ளலாம், திரையில் காட்டலாம், நிரலை ஒழுங்காக நிறுத்தலாம்.

அமைப்பு முடிந்ததும் சோதனை. நிரல் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது பாதிச் சோதனைதான். கட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, இசட் அச்சைக் கல்லுக்கு மேலே தூக்கி வைத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு உள்ளீட்டுக் கம்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இயந்திரம் நிற்கிறதா, திரையில் சரியான பெயரோடு செய்தி வருகிறதா என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு உள்ளீட்டு மாறியையும் வெறுமையாக்கி ஓட்ட வேண்டும். பூஜ்யம், எதிர்ம எண், நம்ப முடியாத பெரிய எண் ஆகியவற்றைத் தந்து ஓட்ட வேண்டும். ஓட்டத்தின் நடுவே மெயினை அணைத்து, திரும்பப் போட்டு, #100 வரிசை வெறுமையாகவும் #500 வரிசை முழுமையாகவும் இருக்கிறதா என்று திரையில் பார்க்க வேண்டும். நாளும் கையெழுத்தும் இட்ட அந்தச் சோதனைத் தாள் மாறிப் பட்டியலோடு சேர்ந்து மின்பெட்டிக் கதவின் உட்புறப் பையில் இருக்க வேண்டும். ஏணி நிரலிலோ மேக்ரோவிலோ ஒரு பிட் மாறினாலும், அந்தப் பிட் தொடும் வரிகள் மீண்டும் சோதிக்கப்பட்டுத் தாள் புதுப்பிக்கப்பட வேண்டும்.